திரியெஸ்தே நாட்குறிப்பு: காற்று, காப்பி, சதுப்பு நிலம்

மார்ச் 9, ஞாயிறு

பெட்டி வரவில்லை. இத்தாலியின் திரியெஸ்தே விமான நிலையம் சின்னது. எல்லோரும் தங்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு போன பிறகும் பட்டை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டி, பெட்டி என்ன நிறம் என்று கேட்டார். கறுப்பு என்றேன். அவர் முகத்தில் லேசான இரக்கம் தெரிந்தது.

ஸ்வெட்டர் பெட்டிக்குள் இருக்கிறது, வெளியே போரா அடிக்கிறது. ஊருக்குப் பின்னால் இருக்கும் கார்ஸ்ட் சுண்ணாம்புப் பீடபூமியிலிருந்து தென்மேற்காகக் கடலை நோக்கி இறங்கும் குளிர்காற்று அது. பலமாக வீசும் நாட்களில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். ஒரு காலத்தில் நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத் தெருவோரம் கயிறு கட்டி வைத்திருந்தார்களாம். பஸ்ஸிலிருந்து இறங்கி விடுதிக்கு நடந்த கொஞ்ச தூரத்திலேயே அந்தக் கயிறு எதற்கென்று புரிந்துவிட்டது.

விடுதி வரவேற்பில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய், யாரோ எப்போதோ விட்டுப்போன ஒரு பச்சை ஸ்வெட்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முழங்கையில் ஒட்டுப் போட்டது. அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன்.

மார்ச் 10, திங்கள்

நான் வந்திருப்பது சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்துக்கு. பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964ல் தொடங்கியது. வளரும் நாடுகளின் விஞ்ஞானிகள் சொந்த நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகாமலே ஆராய்ச்சியின் முன்வரிசையோடு தொடர்பில் இருக்க ஓர் இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். இன்றும் காப்பி வரிசையில் நின்றால் முன்னால் ஒரு மொழி, பின்னால் ஒரு மொழி. நான் திடப்பொருள் இயற்பியல்காரன். நூலகத்தில் உட்கார்ந்து என் வேலையைப் பார்ப்பதாகத்தான் திட்டம். அடுத்த அறையில் தங்கியிருக்கும் ஒரு தமிழ் ஆராய்ச்சி மாணவி, "சார், காலையில ஸ்வாம்ப்லாண்ட் லெக்சர் இருக்கு, சும்மா வந்து உட்காருங்க, பிடிக்கலைன்னா எழுந்து போயிடலாம்" என்றார். கடைசி வரிசை, கதவோரம் என்று இடம் பிடித்தேன்.

எழுந்து போகவில்லை.

எங்கள் துறையில் சோறு போடுவதே எஃபெக்டிவ் தியரிதான். ஒரு படிகத்தில் ஒலி எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட, அணுக்கருவுக்குள் குவார்க்குகள் என்ன செய்கின்றன என்று தெரிய வேண்டியதில்லை. குறைந்த ஆற்றலில் தெரிகிற விஷயங்களை மட்டும் வைத்து ஒரு கோட்பாட்டை எழுது, அடியில் இருப்பதை ஓரிரு எண்களுக்குள் மூடி வை. இதைத்தான் படித்தேன், இதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன். உள்ளுக்குள் முரண் இல்லாமல் எழுதப்பட்ட எந்தக் கோட்பாட்டுக்கும் எங்காவது ஓர் உலகம் இருக்கலாம் என்பது நான் கேள்வி கேட்காமலே வைத்திருந்த நம்பிக்கை.

ஈர்ப்பைச் சேர்த்தால் அந்த நம்பிக்கை உடையும் என்பதுதான் இன்று கேட்டது. துகள்களை மெல்லிய இழைகளின் அதிர்வுகளாகப் பார்த்து ஈர்ப்பையும் சேர்த்துக்கொள்ளும் ஸ்ட்ரிங் தியரிக்கு ஏகப்பட்ட தீர்வுகள் உண்டு. 10-இன் 500ஆவது அடுக்கு என்று ஓர் எண் அடிக்கடி அடிபடும். இவ்வளவு இருந்தால் எதை வேண்டுமானாலும் அதிலிருந்து எடுத்துவிடலாமே என்று கேலி பேசுபவர்களில் நானும் ஒருவன். ஸ்ட்ரிங் தியரிக்காரரான கம்ரான் வாஃபா 2005ல் கேள்வியைத் திருப்பிப் போட்டார். தீர்வுகள் நிறைந்த அந்த நிலப்பரப்பைச் சுற்றி அதைவிடப் பெரிய சதுப்பு நிலம் (ஸ்வாம்ப்லாண்ட்) ஒன்று இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும் கோட்பாடுகள். ஆனால் குவாண்டம் ஈர்ப்போடு எந்த வழியிலும் சேராது. எல்லைக்கோடு எங்கே என்று சொல்வதுதான் வேலை.

என்னை உட்கார வைத்தது ஒரே ஓர் எண், 496. பத்துப் பரிமாணத்தில் ஈர்ப்பு, சூப்பர்சிமெட்ரி (பொருள் துகள்களையும் விசைத் துகள்களையும் ஜோடி சேர்க்கும் சமச்சீர்), விசைப்புலங்கள் மூன்றையும் சேர்த்துக் கோட்பாடு எழுதினால், குவாண்டம் கணக்கில் அனாமலி என்ற ஒழுங்கின்மை தலைகாட்டும். கோட்பாட்டையே கொன்றுவிடும். மைக்கேல் கிரீனும் ஜான் ஷ்வார்ட்ஸும் 1984ல் அது ரத்தாகும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு விசைப்புலங்கள் சரியாக 496 இருக்க வேண்டும். அந்த நிபந்தனைகளில் தேறுபவை நான்கு. எஸ்ஓ(32) என்ற சமச்சீர்க் குழு ஒன்று. இ8 என்ற குழு இரண்டு சேர்ந்தது இன்னொன்று. மூன்றாவது, ஓர் இ8-உம் 248 சாதா மின்காந்தப் புலங்களும். நான்காவது, 496-உம் சாதா மின்காந்தப் புலங்களே. முதல் இரண்டும் ஸ்ட்ரிங் தியரியில் இருக்கின்றன. மற்ற இரண்டும் கால் நூற்றாண்டு தேடியும் அகப்படவில்லை. இன்னும் நன்றாகத் தேடினால் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆனால் 2010ல் ஆலன் ஆடம்ஸ், ஆலிவர் டிவோல்ஃப், வாஷிங்டன் டெய்லர் மூவரும், அந்த இரண்டிலும் சூப்பர்சிமெட்ரியையும் விசைப்புலச் சமச்சீரையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது என்று காட்டிவிட்டார்கள். ஸ்ட்ரிங் தியரியில் இல்லாதது, இருக்கவே முடியாததாகவும் ஆயிற்று.

பக்கத்தில் இருந்த பிரேசில் பையன் என் நோட்டை எட்டிப் பார்த்து, 248ஐ இரண்டால் பெருக்கிச் சரிபார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மதியம் கீழே கடையில் கப்புச்சினோ கேட்டேன். விரல் நீளத்துக்கு ஒரு கோப்பை வந்தது. இந்த ஊரில் அப்படித்தானாம், பெரியதாக வேண்டுமென்றால் கஃபே லாத்தே என்று கேட்க வேண்டும். ஒன்றரை யூரோவுக்குள் முடிந்துவிட்டது, காப்பியும் நன்றாக இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பெட்டி இல்லை. தொலைபேசியில் பத்து நிமிடம் இசை கேட்டேன், அவ்வளவுதான்.

போரா இன்னும் பலமாகிவிட்டது. விடுதி கடலோரத்தில், விரிவுரைக் கூடம் மேட்டில். நடுவில் படிகள், மரங்கள். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று மட்டும் ஆளைத் தள்ளுகிறது. நின்று மூச்சு வாங்கும்போது எதிரே இறங்கி வந்த ஒரு வயதான அம்மா, கைப்பிடிக் கம்பியின் உள்பக்கத்தை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வெளிப்பக்கம் தாண்டிப் போனார். எண்பது வயதாவது இருக்கும்.

இன்றைய பாடம் இந்தத் துறையிலேயே பழையது: குவாண்டம் ஈர்ப்பில் துல்லியமான குளோபல் சமச்சீர், அதாவது கூடவே ஒரு விசைப்புலம் இல்லாமல் ஓர் எண்ணை மாறாமல் காக்கும் சமச்சீர், இருக்க முடியாது. உலகில் உள்ள புரோட்டான், நியூட்ரான்களை எண்ணி, எதிர்த்துகள்களைக் கழித்து வையுங்கள். அந்த எண் மாறுவதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. இப்போது அவற்றை ஒரு கருந்துளைக்குள் போடுங்கள். ஹாக்கிங் 1974ல் சொன்னபடி அது கதிர்வீசித் தேய்ந்துபோகும். உள்ளே போனது பொருளா எதிர்ப்பொருளா என்பது பற்றி அந்தக் கதிர்வீச்சுக்குக் கவலை இல்லை. மின்னூட்டம் என்றால் வெளியே ஒரு புலம் நின்று காட்டிக்கொடுக்கும். இந்த எண்ணுக்கு அப்படிச் சாட்சி சொல்ல எந்தப் புலமும் கிடையாது. கணக்கு அழிந்துவிட்டது. அப்படியானால் புரோட்டானும் என்றாவது ஒருநாள் சிதைந்தாக வேண்டும். ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே என்ற நிலத்தடி நீர்த் தொட்டியில் இவ்வளவு காலம் காத்திருந்தும் ஒன்றுகூடச் சிதையவில்லை. எளிய சிதைவு வழிகளில் ஆயுள் 10-இன் 34ஆவது அடுக்கு ஆண்டுகளைத் தாண்டுகிறது. விதி இருக்கிறது, ஆனால் எப்போது என்று விதி சொல்வதில்லை. இந்தத் துறையின் பெரிய பலவீனம் இதுதான் என்று ஓரத்தில் எழுதி வைத்தேன்.

மார்ச் 12, புதன்

மதிய உணவுக்கு யோட்டா. பீன்ஸ், புளித்த முட்டைகோஸ், உருளைக்கிழங்கு எல்லாம் குழையக் குழைய வேகவைத்த கெட்டி சூப். முதல் வாய்க்குப் புளிப்பு தூக்கி அடித்தது. பரிமாறுபவர் நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடும்படி சைகை காட்டினார். அப்புறம் தட்டு காலி. போராவுக்குப் பிறந்த சாப்பாடு.

சாப்பாட்டு மேஜையில்தான் இன்றைய நிஜமான வகுப்பு நடந்தது. வலுவற்ற ஈர்ப்பு அனுமானம், 2006ல் அர்க்கானி-ஹமெட், மோட்ல், நிக்கோலிஸ், வாஃபா நால்வரும் முன்வைத்தது. எந்த உலகமானாலும், மின்னூட்டத்தைத் தாங்கும் ஏதாவது ஒரு துகளுக்காவது, ஈர்ப்பைவிட மின் விலக்கம் பலமாக இருந்தே தீர வேண்டும். நம் உலகில் இதற்குச் சந்தேகமே இல்லை. இரண்டு எலெக்ட்ரான்களுக்கு நடுவே மின் விலக்கம் ஈர்ப்பைப் போல் சுமார் 4 பெருக்கல் 10-இன் 42ஆவது அடுக்கு மடங்கு. ஈர்ப்பு ஏன் இவ்வளவு நோஞ்சான் என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் அது அப்படித்தான் என்று சொல்லி வந்திருக்கிறேன். அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"ஏன் இருக்கணும்?" என்று கேட்டேன்.

"மின்னூட்டம் நிறைஞ்ச கருந்துளை தேயணும்னா, அதைவிட லேசான ஏதோ ஒண்ணு மின்னூட்டத்தைச் சுமந்துட்டு வெளிய வரணும் சார். அப்படி ஒண்ணு இல்லைன்னா தேயாம மாட்டிக்கிட்ட கருந்துளைகள் குவியும்."

"குவிஞ்சா என்ன?"

மாணவி கொஞ்சம் யோசித்தார். "அதுதான் சார் இன்னும் சண்டை."

நேர்மையான பதில். பிரேசில் பையன் அதை ஒப்புக்கொள்ளவில்லை, காகிதக் கைக்குட்டையில் படம் போட ஆரம்பித்தான். சூப் ஆறிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

பெட்டி வந்தது! ஒரு சக்கரம் இல்லை. பச்சை ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வரவேற்பாளர் தலையை ஆட்டி, வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

காற்று நின்றுவிட்டது. மாலையில் மீராமாரே கோட்டைப் பக்கம் நடந்தோம், மையத்திலிருந்து நடை தூரம்தான். கடலுக்குள் நீட்டிய பாறை மேல் வெள்ளைக் கோட்டை. ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன் தனக்காகக் கட்டியது. வேலை முழுதாக முடிவதற்குள் 1864ல் மெக்சிகோவுக்குப் பேரரசராகப் போனார், மூன்று ஆண்டில் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பூங்காவில் நுழைய டிக்கெட் இல்லை, பெஞ்சுகள் நிறைய.

காலை வகுப்பில் கேட்ட 'தொலைவு அனுமானம்' எனக்குப் பாதிதான் ஏறியது. கூடுதல் பரிமாணம் ஒன்று வட்டமாகச் சுருண்டிருக்கிறது என்று வையுங்கள். அதன் சுற்றளவு ஓர் எண், அதை மாற்றலாம். மிகவும் பெரிதாக்கினால் அந்தத் திசையில் ஓடும் துகள்கள் கூட்டமாக லேசாகிக்கொண்டே வரும். மிகவும் சிறிதாக்கினால் வட்டத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கும் இழைகள் லேசாகும். எந்தப் பக்கம் வெகுதூரம் போனாலும் ஒரு முடிவில்லாத படை கீழிறங்கி வந்து, நீங்கள் எழுதி வைத்த எஃபெக்டிவ் தியரியைச் செல்லாததாக்கிவிடும். ஊகுரியும் வாஃபாவும் 2006ல் இதைப் பொது விதியாக முன்வைத்தார்கள். வட்டத்தில் புரிந்தது. மற்ற வடிவங்களுக்குப் போனதும் நான் ஜன்னலுக்கு வெளியே கப்பல்களை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்று கூடத்தில் சூடு. வெளியே லேசான மழை.

பிரபஞ்சம் வேகம் கூடி விரிந்துகொண்டிருக்கிறது. மாறாத இருண்ட ஆற்றல் என்ற ஒற்றை எண் அதற்குக் காரணம் என்பது வழக்கமான விளக்கம். அப்படிப்பட்ட உலகை ஸ்ட்ரிங் தியரியில் கட்டக் கச்ரு, கல்லோஷ், லிண்டே, திரிவேதி நால்வரும் 2003ல் ஒரு செய்முறை தந்தார்கள். அது உண்மையில் நிற்குமா என்பது இன்னும் தீராத வழக்கு. 2018ல் வாஃபாவும் மூவரும் நேரடியாகவே சொல்லிவிட்டார்கள்: நிலையான நேர்மறை ஆற்றல் கொண்ட வெற்றிடமே சதுப்பு நிலம். ஆற்றல் எப்போதும் ஒரு சரிவில் இருந்தாக வேண்டும், சரிவுக்குக் குறைந்தபட்ச அளவும் உண்டு.

அந்த விதி வந்த சில மாதங்களிலேயே, துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் புலத்தின் ஆற்றல் குன்றின் உச்சி அதை மீறுகிறதே என்று சிலர் எழுதினார்கள். உச்சியில் சரிவு பூஜ்யம். அதே ஆண்டு விதி திருத்தப்பட்டது: சரிவு இல்லையென்றால் போதுமான வளைவாவது இருக்க வேண்டும். எனக்கு இந்த இடம் பிடிக்கவில்லை. திங்களன்று 496 சொன்னபோது இருந்த உறுதி இங்கே கிடையாது. அதற்கும் இதற்கும் ஒரே பெயர் பலகை மாட்டியிருப்பது நியாயமில்லை என்று கேள்வி நேரத்தில் எழுந்து சொல்லியும் விட்டேன். விரிவுரையாளர் கோபப்படவில்லை. ஒவ்வோர் அனுமானத்துக்கும் எவ்வளவு ஆதாரம் என்று பலகையில் மேலிருந்து கீழாக எழுதினார். குளோபல் சமச்சீர் உச்சியில், வலுவற்ற ஈர்ப்பும் தொலைவும் நடுவில், இருண்ட ஆற்றல் விதி அடியில். சில மாணவர்கள் அதைப் போட்டோ எடுத்தார்கள். 2024ல் வந்த டெஸி தொலைநோக்கித் தரவு, இருண்ட ஆற்றல் காலப்போக்கில் மாறக்கூடும் என்று கோடிகாட்டியிருப்பதால், அடியில் இருப்பதைத் தூக்கி எறியவும் யாருக்கும் மனசு வரவில்லை.

மார்ச் 15, சனி

ஜிகாந்தே குகைக்குப் போனோம். கால் இன்னும் நடுங்குகிறது. ஏறக்குறைய 500 படி இறக்கம், அதே அளவு ஏற்றம். உள்ளே எப்போதும் 11 டிகிரி. ஒரே ஓர் அறைதான், ஆனால் அதன் உயரம் சுமார் 100 மீட்டர். படி ஈரம், கைப்பிடி ஈரம், வழிகாட்டிப் பெண்ணின் இத்தாலிய வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

நான் பார்க்கப் போனது சுண்ணாம்புத் தூண்களை இல்லை. கூரையிலிருந்து தரை வரை இரண்டு நீளக் குழாய்கள் இறங்குகின்றன. அவற்றுக்குள் பூமியின் சாய்வை அளக்கும் ஊசல்கள். உலகிலேயே மிக நீளமானவற்றில் சேர்த்தி. 1960 சிலி நிலநடுக்கத்துக்குப் பிறகு பூமி முழுவதும் மணி போல அதிர்ந்ததையும், 2004 சுமத்ரா நிலநடுக்கத்தையும் இவை பதிவு செய்திருக்கின்றன. நிலவு இழுத்துத் தரை ஏறி இறங்குவதும் தெரியும். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. திமாவோ என்று ஒரு நதி ஸ்லோவேனியாவில் ஷ்கோசியான் குகைக்குள் விழுந்து மறைந்து, இந்தப் பீடபூமிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக் கடலோரத்தில் வெளிவருகிறது. அதில் வெள்ளம் வந்தால் ஊசல் சாய்ந்து காட்டிக்கொடுக்கிறது. அடியில் இருப்பதை மூடி வைத்துவிட்டு மேலே கணக்குப் போடலாம் என்று ஆண்டுக்கணக்காகப் பாடம் நடத்தியவன், கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். வழிகாட்டி திரும்பி வந்து கூப்பிட வேண்டியதாயிற்று.

மேலே வந்ததும் பசி. சாலையோரக் கம்பத்தில் இலைக்கொத்து ஒன்றும் சிவப்பு அம்புக்குறியும் தொங்கின. அதுதான் ஓஸ்மித்சாவுக்கு வழி. விவசாயிகள் தங்கள் வீட்டு முற்றத்திலேயே சொந்த ஒயினும் பன்றித் தொடைக்கறியும் அவித்த முட்டையும் விற்கும் இடம். 1784ல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஜோசப் கொடுத்த அனுமதியிலிருந்து வரும் வழக்கம். வருடம் முழுக்கத் திறந்திருக்காது. நீள மேஜையில் இடம் இல்லை. இத்தாலியனும் ஸ்லோவீனும் கலந்து பேசிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் நகர்ந்து உட்கார்ந்து எங்களுக்கு ஓரம் கொடுத்தது. தாத்தா ஒரு முட்டையை உரித்து மாணவியின் தட்டில் வைத்தார். தலைக்குப் பத்து யூரோகூட ஆகவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

துயினோ. பாறை உச்சியில் கோட்டை, கீழே கடல். கோட்டைக்குள் போகவில்லை, கால் ஒத்துழைக்கவில்லை. கடற்பாறை மேல் நடைபாதையில் மெதுவாக நடந்தோம்.

லூட்விக் போல்ட்ஸ்மான் 1906 செப்டம்பர் 5 அன்று இந்த ஊரில்தான் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவியும் மகளும் உடன் வந்த விடுமுறைப் பயணம் அது. என்ட்ரோபி என்ற வெப்பவியல் அளவு கண்ணுக்குத் தெரியாத அணுக்களின் ஏற்பாடுகளை எண்ணுவதுதான் என்று சொன்னவர். அணுவே கிடையாது என்றவர்களோடு வாழ்நாள் முழுக்க வாதாடியவர். அவருடைய எண்ணும் முறையைத்தான் ஸ்ட்ரோமிஞ்சரும் வாஃபாவும் 1996ல் கருந்துளைக்குப் போட்டார்கள். ஐந்து பரிமாணத்தில் ஒரு விசேஷக் கருந்துளையை எடுத்து, அதன் உள் ஏற்பாடுகளை ஸ்ட்ரிங் தியரியில் ஒவ்வொன்றாக எண்ணினால், பரப்பளவை நான்கால் வகுத்து வரும் பெக்கன்ஸ்டைன், ஹாக்கிங் என்ட்ரோபி அப்படியே வந்தது. ஸ்ட்ரிங் தியரியை நான் கேலி செய்யாத ஒரே இடம் இதுதான், மாணவப் பருவத்திலிருந்தே.

திரும்பும் பஸ் வரவில்லை. ஞாயிறு அட்டவணை வேறாம். நிறுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம், பிஸ்கட் தீர்ந்தது.

மார்ச் 17, திங்கள்

எனக்குக் கடைசி வகுப்பு. எதிர்பார்க்காத விதத்தில் சோதனைக்கூடத்தில் வந்து முடிந்தது. இருண்ட ஆற்றல் ஏன் இவ்வளவு சின்னது, இயற்கையான அலகுகளில் 10-இன் கழித்தல் 122ஆவது அடுக்கு? தொலைவு அனுமானத்தின் கண்ணால் பார்த்தால், இப்படி ஓர் அதீதமான எண் இருக்கும் இடத்தில் லேசான துகள்களின் படை ஒன்றும் இருந்தாக வேண்டும். மொன்டேரோ, வாஃபா, வாலென்சுவேலா மூவரும் 2022ல் மற்ற அவதானிப்புகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஒரே ஒரு கூடுதல் பரிமாணம், அளவு மைக்ரான் கணக்கில், என்று சொன்னார்கள். அப்படி ஒன்று இருந்தால் அந்தத் தூரத்துக்குக் கீழே நியூட்டனின் விதி மாற வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முறுக்கு ஊசல் வைத்து 52 மைக்ரான் இடைவெளி வரை அளந்து 2020ல் வெளியிட்டிருக்கிறார்கள். நியூட்டன் அசையவில்லை.

பஸ் நிறுத்தத்தில் மாணவி வழியனுப்ப வந்தார். இன்னும் கிட்டே போய் அளப்பதில் என்ன கஷ்டம் சார், என்றார். இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். உலோகப் பரப்பு எதுவும் எங்கும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்காது. படிகத் துணுக்குக்குத் துணுக்கு சின்னச் சின்ன வேறுபாடு. இடைவெளி குறையக் குறைய அந்தத் திட்டுகளின் மின்விசை ஈர்ப்பை முழுங்கிவிடும். வெற்றிடத்திலும் பரப்புகளை ஒன்றையொன்று இழுக்கும் கேஸிமிர் விசை வேறு சேர்ந்துகொள்ளும். நடுவில் மெல்லிய உலோகத் தாள் ஒன்றை இழுத்துக் கட்டி மறைக்கலாம், ஆனால் தாளுக்கும் ஒரு தடிமன் உண்டே.

"அப்போ இது உங்க துறை வேலை சார்" என்றார்.

திட்டுகளைக் குறைக்கத் தங்கப் பூச்சை எந்த வெப்பத்தில் படிய வைக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். பஸ் வந்துவிட்டது. மீதியை மின்னஞ்சலில் எழுதுகிறேன் என்று சொல்லி, சக்கரமில்லாத பெட்டியைத் தூக்கி ஏற்றினேன்.